எந்த லீஜன், யார் எழுதிய லீஜன்? புதிதாகப் படிக்க வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எதிர்கால இளைஞர் அணி ஒன்றைப் பற்றிய டிசி நிறுவனத்தின் காமிக்ஸான லீஜன் ஆஃப் சூப்பர் ஹீரோஸ் படிக்கலாம் என்று முடிவெடுத்து நாலு ரசிகர்களிடம் கருத்துக் கேட்டால், நாலு பேரும் நாலு வேறு தொடர்களைப் பற்றிப் பேசுவார்கள். "மார்க் வெய்ட் எழுதியதுதான் சரியான தொடக்கம்" என்பார் ஒருவர். "எந்த வெய்ட்? 1994-இல் எழுதியதா, 2004-இல் எழுதியதா?" என்று கேட்பார் அடுத்தவர். மூன்றாமவருக்கு இரண்டுமே லீஜன் இல்லை. பால் லெவிட்ஸும் கீத் கிஃபனும் 1982-இல் கொடுத்ததுதான் லீஜன். நாலாமவர் ஜிம் ஷூட்டர் திரும்பி வந்ததையும், அவர் கதை பாதியில் நின்றதையும் சொல்லி ஆதங்கப்படுவார். நாலு பேர் சொல்வதும் உண்மைதான். ஆனால் யார் எந்தத் துண்டைச் சொல்கிறார் என்று தெரியாதவருக்கு அதில் ஒன்றும் பயனில்லை.

இந்தக் கட்டுரை 2004 முதல் 2009 வரை வந்த 50 இதழ்களை மையமாக வைத்துக்கொள்கிறது. ரசிகர்கள் இதை 'திரீபூட்' என்பார்கள். லீஜன் மூன்றாவது முறையாக ஆனா ஆவன்னாவிலிருந்து ஆரம்பித்த தொடர் என்பதால் அந்தப் பெயர். புதியவருக்கு இதைவிடப் பொருத்தமான நுழைவாயில் இல்லை. முன்கதை தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஏறத்தாழ 1,100 பக்கங்களில் முடிந்துவிடும். மூன்று எழுத்தாளர்கள் கைமாறியதால், ஒரே அணி மூன்று பேர் கையில் எப்படி மாறுகிறது என்பதையும் நேரடியாகப் பார்த்துவிடலாம். ரசிகர்களின் கருத்துகள் ஏன் இப்படிச் சிதறுகின்றன என்பதும் அப்போது விளங்கும்.

படி 1: முதலில் வரைபடம்

லீஜன் முதலில் தலைகாட்டியது அட்வென்ச்சர் காமிக்ஸ் 247-ஆம் இதழில், 1958 ஏப்ரலில். ஓட்டோ பைண்டர் எழுத, ஆல் பிளாஸ்டினோ வரைந்தார். ஆயிரம் வருடம் தள்ளி, எதிர்காலத்திலிருந்து மூன்று இளைஞர்கள் சூப்பர்பாயை, அதாவது சிறுவயது சூப்பர்மேனை, தேடி வருகிறார்கள்: காஸ்மிக் பாய், சாட்டர்ன் கேர்ள், லைட்னிங் பாய். மூன்றாமவர் பிறகு லைட்னிங் லாட் ஆனார். அந்த அணி 1994 வரை ஒரே தொடர்ச்சியாக வளர்ந்தது. 36 வருடக் கதை அது. மரணங்கள், திருமணங்கள், தலைவர் தேர்தல்கள் எல்லாம் அதற்குள் அடக்கம்.

விரிசல் விழுந்தது 1986-இல். டிசி நிறுவனம் தன் உலகத்தையே திருத்தி அமைத்தபோது, சூப்பர்மேனுக்குச் சிறுவயது சாகசங்களே கிடையாது என்று ஆகிவிட்டது. சூப்பர்பாய் இல்லையென்றால் அவரைப் பார்த்து உருவான லீஜன் எங்கிருந்து வந்தது? இந்த ஓட்டையை அடைக்க எட்டு வருடம் ஒட்டுப்போட்டுப் பார்த்தார்கள். ஒவ்வொரு ஒட்டும் இன்னொரு கிழிசலைக் கொண்டுவந்தது. கடைசியில் 1994-இல் மொத்தத்தையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினார்கள். அது முதல் ரீபூட். அதைத் தொடங்கி வைத்தவர்களில் மார்க் வெய்ட் ஒருவர். அந்த அணி 2004 வரை ஓடியது. பிறகு அதையும் மூடிவிட்டு அதே வெய்ட், ஓவியர் பாரி கிட்சனுடன் சேர்ந்து மறுபடி தொடங்கியதுதான் திரீபூட்.

திரீபூட் ஓடிக்கொண்டிருக்கும்போதே, 2007-இல், டிசியின் வேறு அணிகளான ஜஸ்டிஸ் லீக் இதழ்களிலும் ஜஸ்டிஸ் சொசைட்டி இதழ்களிலும் இன்னொரு லீஜன் வந்து நின்றது. பார்த்தால் பழைய 1980-களின் அணி மாதிரியே இருந்தது. ஜெஃப் ஜான்ஸ் அதை ஆக்‌ஷன் காமிக்ஸ் 858 முதல் 863 வரை வளர்த்தெடுத்தார். ரசிகர்கள் அதற்கு 'ரெட்ரோபூட்' என்று பெயர் வைத்தார்கள். பிறகு 2019-இல் பிரையன் மைக்கேல் பெண்டிஸும் ரயன் சூக்கும் இன்னொரு புதிய அணியைக் கொண்டுவந்தார்கள், 12 இதழ்கள்.

இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: 1958–94 மூல அணி, 1994–2004 ரீபூட், 2004–09 திரீபூட், 2007 முதல் ரெட்ரோபூட், 2019 முதல் பெண்டிஸ் அணி. யார் என்ன கருத்துச் சொன்னாலும், முதலில் அதை இந்த ஐந்தில் ஒன்றுக்குள் போடுங்கள். அதன்பிறகு ஏற்பதா மறுப்பதா என்று யோசிக்கலாம்.

படி 2: சரியான இதழைக் கையில் எடுங்கள்

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான். 'லீஜன் ஆஃப் சூப்பர் ஹீரோஸ் #1' என்ற பெயரில் பல இதழ்கள் இருக்கின்றன: 1973, 1984, 1989, 2004, 2010, 2011, 2019. இவற்றில் 1973-இல் வந்தது பழைய கதைகளின் மறுபதிப்பு. நாலே இதழ்களோடு நின்றுபோனது. 1980-இல் பெயர் மாறிய தொடர் #1 என்று தொடங்காமல், சூப்பர்பாயின் எண் வரிசையைத் தொடர்ந்து #259-இல் ஆரம்பிக்கிறது. அதனால் இதழ் எண்ணை மட்டும் நம்பி எதையும் எடுக்காதீர்கள். வருடத்தையும் எழுத்தாளர் பெயரையும் சேர்த்துப் பாருங்கள்.

வருடம் பார்ப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அமெரிக்க காமிக்ஸின் அட்டையில் அச்சாகும் மாதம், இதழ் விற்பனைக்கு வந்த மாதத்துக்குப் பெரும்பாலும் இரண்டு மாதம் தள்ளியே இருக்கும். திரீபூட்டின் முதல் இதழ் கடைக்கு வந்தது 2004 டிசம்பரில். அட்டையில் இருப்பது 2005 பிப்ரவரி. சில பட்டியல்களில் 2004 என்றும், சிலவற்றில் 2005 என்றும் இருக்கும். இரண்டும் ஒரே தொடர்தான்.

அடுத்த பொறி இன்னும் மோசமானது. திரீபூட் 15 இதழ்கள் வந்தபின், 16-ஆவது இதழில் தலைப்பு 'சூப்பர்கேர்ள் அண்ட் தி லீஜன் ஆஃப் சூப்பர் ஹீரோஸ்' என்று மாறியது. 36 வரை அந்தப் பெயர். 37-இல் பழைய பெயருக்கே திரும்பியது. இதழ் எண் மட்டும் அறுபடாமல் ஓடியது. டிஜிட்டல் பட்டியல்களில் இந்த நடு 21 இதழ்கள் தனித் தலைப்பின் கீழ் போய்விடும். தொடர் 15-இலேயே நின்றுவிட்டது என்று நினைத்தவர்களும், 15-லிருந்து நேராக 37-க்குத் தாவி ஒன்றும் புரியாமல் கைவிட்டவர்களும் உண்டு. அப்படித் தாவியவர் எழுதும் கருத்தில் "ஷூட்டர் ஒன்றையும் விளக்கவில்லை" என்ற குறை தவறாமல் இருக்கும். விளக்கம் அவர் விட்டுப்போன 21 இதழ்களில் இருக்கிறது.

தொகுப்புகளாகப் படித்தால் இந்தத் தலைவலி இல்லை. மொத்தம் எட்டுத் தொகுப்புகள். எந்தத் தொகுப்பில் எந்த இதழ்கள் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: 1–6, 7–13, 14–19, 20–25, 26–30, 31–36, 37–44, 45–50. டிசியின் இன்னொரு இளைஞர் அணியான டீன் டைட்டன்ஸுடன் சேர்ந்து வந்த முன்னோட்டச் சிறப்பிதழும் முதல் தொகுப்பில் இருக்கிறது. அதைக் கடைசியில் படித்தாலும் நட்டமில்லை. பழைய அணி விடைபெறும் கதை அது. முதல் வாசிப்பில் குழப்பத்தைத்தான் கூட்டும்.

திரீபூட்டைத் தாண்டிப் போகிறவர்களுக்கு இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். 1989-இல் தொடங்கிய தொடர் ஒரே எண் வரிசைக்குள் இரண்டு உலகங்களை வைத்திருக்கிறது: 61 வரை மூல அணி, பிறகு #0, அதன்பின் 62 முதல் 125 வரை ரீபூட் அணி. 'லீஜன் லாஸ்ட்' என்ற பெயரிலும் இரண்டு தொடர்கள் உண்டு. 2000-இல் வந்த 12 இதழ்களைத்தான் ரசிகர்கள் புகழ்வார்கள். 2011-இல் தொடங்கியது வேறு அணி, வேறு கதை.

படி 3: எட்டுக் கிரகங்கள்

இருபதுக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் என்றதும் பலர் பயந்துவிடுகிறார்கள். பெயர்களை மனப்பாடம் செய்ய முயன்றால் பயம் நியாயம்தான். லாட், பாய், கேர்ள், லாஸ் என்று எல்லாப் பெயரும் ஒன்றுபோலவே ஒலிக்கும். கிரகத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். லீஜனில் பெரும்பாலான சக்திகள் பிறந்த மண்ணின் சொத்து. பிரால் என்றால் காந்தசக்தி, டைட்டன் (உண்மையில் சனியின் நிலவு) என்றால் மனம் படித்தல், டர்லா என்றால் உருமாற்றம், இம்ஸ்க் என்றால் சுருங்குதல், கார்க் என்றால் மூன்றாகப் பிரிதல், நால்டர் என்றால் வருவதை முன்னறிதல், கோலு என்றால் அபார மூளை, பிகிஸ்டில் என்றால் சுவருக்குள் புகுந்து போகும் உடல். எட்டே எட்டு. இவை தெரிந்தால் அணியில் பாதிப்பேர் தெரிந்த மாதிரி.

இந்த எட்டை முதலில் படிக்கச் சொல்வதற்கு வேறு ஒரு காரணமும் இருக்கிறது. வெய்ட்டும் கிட்சனும் கைவைத்ததே இங்கேதான். பழைய சக்தியை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் பொருளை மாற்றினார்கள். பழைய ரசிகர்களின் கோபத்தில் பாதியும் புது ரசிகர்களின் வியப்பில் பாதியும் இதிலிருந்து வருபவை.

கொலோசல் பாயை எடுத்துக்கொள்ளுங்கள். மூல அணியில் அவர் சாதாரண மனிதர், ராட்சசனாக வளருவார். திரீபூட்டில் அவர் பிறப்பிலேயே ராட்சச இனம். நம் உயரத்துக்குச் சுருங்குவதுதான் அவருடைய சக்தி! அதனால் தன்னை மைக்ரோ லாட் என்று அழைப்பதே முறை என்று அவர் நினைக்கிறார். ஒரே ஒரு திருப்பம்தான். ஆனால் 'இயல்பான உயரம்' என்பது யாருடைய அளவுகோல் என்ற கேள்வி அதற்குள் வந்துவிடுகிறது.

ஃபான்டம் கேர்ளைப் படிக்கும்போது கட்டங்களை நிதானமாகப் பாருங்கள். இந்த வடிவத்தில் அவர் ஒரே நேரத்தில் இரண்டு பரிமாணங்களில் இருக்கிறார். இங்கே நண்பர்களோடு பேசிக்கொண்டே அங்கேயும் யாருக்கோ பதில் சொல்வார். வசன பலூனில் திடீரென்று சம்பந்தமில்லாத ஒரு வரி வந்தால் அச்சுப்பிழை என்று தாண்டிவிடாதீர்கள். அந்த வரி இன்னொரு உலகத்துக்குச் சொன்னது. கூட இருப்பவர்கள் அவரைக் கவனம் இல்லாதவர் என்று தவறாக எண்ணுவதும் அதனால்தான்.

ட்ரிப்ளிகேட் கேர்ளின் கதை இதைவிடத் துயரமானது. கார்க் கிரகத்தில் இருக்கும் அத்தனை பேரும் ஒரே பெண்ணின் பிரதிகள். வெளியுலகம் பார்த்துவிட்டுத் திரும்பும் மூவர் மட்டும் மற்றவர்களோடு ஒன்ற முடியாமல் போகிறார்கள். பழைய தொடரில் வேடிக்கையான சக்தியாக இருந்தது இங்கே ஊர்விலக்கின் கதையாகிறது. திரீபூட்டை வெறுக்கும் ரசிகர்கள்கூட இந்தக் கதைக்குப் பெரும்பாலும் தலைவணங்குவார்கள்.

படி 4: எழுத்தாளர் மாறும் இடத்தில் நிறுத்திப் படியுங்கள்

50 இதழ்களையும் ஒரே மூச்சில் படிக்க வேண்டாம். கடைசி இதழைத் தவிர்த்தால் எழுத்தாளர் மாறும் இடங்கள் இரண்டு: 30 முடிந்ததும் ஒன்று, 36 முடிந்ததும் ஒன்று. வெய்ட்டின் காலத்துக்கு உள்ளேயே 15-க்குப் பிறகு ஒரு திருப்பம் இருக்கிறது. இந்த மூன்று இடங்களிலும் புத்தகத்தை மூடிவைத்து, அதுவரை படித்ததைப் பற்றி ஐந்தாறு வரி எழுதுங்கள். பிறகு எழுதலாம் என்று விட்டால், பின்னால் வந்த எழுத்தாளரின் ருசி முன்னால் படித்ததன்மேல் படிந்துவிடும். 50-ஐ முடித்த கசப்போடு முதல் 13 இதழ்களுக்குக் குறைந்த மதிப்பெண் கொடுப்பவர்கள் செய்யும் தவறு இதுதான்.

*1 முதல் 15.* கதை நடப்பது 31-ஆம் நூற்றாண்டில். எங்கும் அமைதி, எங்கும் ஒழுங்கு, எங்கும் கண்காணிப்பு. பிள்ளைகளின் ஒவ்வோர் அசைவையும் அரசு பின்தொடர்கிறது. பெற்றோருக்கு அதில் தவறே தெரியவில்லை. இந்த உலகத்தில் லீஜன் என்பது சண்டைபோடும் அணி மட்டும் இல்லை, ஓர் இளைஞர் இயக்கம். தலைமையகத்தின் வாசலில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் கூடாரம் போட்டுத் தங்கியிருக்கிறார்கள். நூற்றாண்டுகளுக்கு முந்தைய சூப்பர் ஹீரோ காமிக்ஸ்தான் இவர்களுக்கு வேதம். பெரியவர் ஒருவரைப் பார்த்து "வாங்கிக்கோ, தாத்தா!" என்ற பொருளில் வரும் வசனம் ரசிகர்களிடையே பிரபலம். ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும் சுட்டிக்காட்டுவது அதே வரியைத்தான். ஒருவருக்கு அது துடிப்பு, மற்றவருக்கு அடாவடி.

இந்தப் பகுதியில் கவனிக்க வேண்டியது காஸ்மிக் பாய்க்கும் கோலு கிரகத்து மேதை பிரெய்னியாக் 5-க்கும் நடக்கும் இழுபறி. ஒருவர் கூட்டத்தை நேசிப்பவர். மற்றவருக்குக் கூட்டத்தின் முட்டாள்தனம் பொறுக்காது. அணி இரண்டாகப் பிளக்கும் அளவுக்கு இது போகிறது. 'குளிர்ந்த கதை, யாருக்கும் யார்மேலும் பாசமில்லை' என்ற புகார் இங்கேதான் பிறக்கிறது. புகாரில் நியாயம் உண்டு. மூல லீஜனின் உயிரே நட்புதான். இங்கே நட்பைப் பிள்ளைகள் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆனால் மனிதர்கள் நேரில் தொட்டுப் பேசுவதே அரிதாகிவிட்ட ஓர் உலகத்தில் வளர்ந்தவர்களுக்கு அது எளிதாக வந்திருந்தால்தான் பொய்யாக இருந்திருக்கும். முதல் ஆறு இதழ்களைப் படித்துவிட்டுத் தீர்ப்பு எழுதியவர்களின் கருத்தை இந்த விஷயத்தில் ஒதுக்கி வையுங்கள். ஆறாவது இதழில் பாதிக் காய்கள்தான் பலகைக்கு வந்திருக்கும். ஆட்டம் முடிவது 13-இல்.

*16 முதல் 30.* சூப்பர்மேனின் உறவுப்பெண் சூப்பர்கேர்ள் வருகிறார். தலைப்பில் அவர் பெயரை முன்னால் போட்டது கதைக்காகவா விற்பனைக்காகவா என்று ரசிகர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். அந்த விவாதத்தைப் புத்தகத்துக்கு வெளியே வைத்துவிட்டு, வெய்ட் அதை எப்படிச் சமாளிக்கிறார் என்று பாருங்கள். எதிர்காலத்தில் கண்விழிக்கும் சூப்பர்கேர்ள், இது எல்லாமே தன் கனவு என்று நம்புகிறார். கனவுதானே என்ற தைரியத்தில் கவலையில்லாமல் சிரிக்கிறார், சண்டை போடுகிறார், மனதில் பட்டதைச் சொல்கிறார். அதே காலத்தில் அவருடைய சொந்தத் தொடரில் இருந்த இறுக்கமான சூப்பர்கேர்ளைப் பிடிக்காத வாசகர்கள்கூட இவரைப் பிடித்துப்போய் வந்தார்கள். 26 முதல் 30 வரை டாமினேட்டர்கள் என்ற வேற்றுக்கிரக இனத்துடன் நடக்கும் போர். அத்துடன் வெய்ட்டும் கிட்சனும் விடைபெறுகிறார்கள். கண்காணிப்புக்கு எதிரான இளைஞர் இயக்கம் என்ற முதல் விதை, இந்தப் பாதியில் போதுமான தண்ணீர் இல்லாமல் வாடிப்போனது என்பது எங்கள் கணிப்பு.

*31 முதல் 36.* டோனி பெடார்ட். ஆறு இதழ்கள், ஒரே கதை: காணாமல்போன காஸ்மிக் பாயைத் தேடுவது. இடைக்கால எழுத்தாளர் என்று பலர் இதைத் தாண்டிவிடுகிறார்கள். தாண்டாதீர்கள். தலைமை யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது, சூப்பர்கேர்ள் எப்படி விடைபெறுகிறார் என்பதெல்லாம் இதில்தான் இருக்கிறது. ஓர் இரவில் படித்து முடிக்கலாம்.

*37 முதல் 49.* ஜிம் ஷூட்டர். பின்னணி தெரியாமல் இந்தப் பகுதியைப் பற்றிய கருத்துகளைப் படிப்பதில் அர்த்தமில்லை. ஷூட்டர் தன் முதல் லீஜன் கதைகளை விற்றபோது பள்ளிச் சிறுவன். 1966-இல் அட்வென்ச்சர் காமிக்ஸ் 346 வெளிவந்தபோது வயது 14. கராத்தே கிட், பிரின்சஸ் புரொஜெக்ட்ரா, ஃபெர்ரோ லாட் மூவரும் அந்த இதழில் அறிமுகமானவர்கள். பிறகு மார்வெலின் தலைமை ஆசிரியராக இருந்தவர். 2007-இன் கடைசியில், அந்த முதல் கதைக்கு நாற்பது வருடம் கழித்து, அவர் லீஜனுக்குத் திரும்புகிறார் என்றதும் எதிர்பார்ப்பு எப்படி இருந்திருக்கும்!

வந்ததும் அவர் அணியை ஓர் அமைப்பாகப் பார்த்தார். லைட்னிங் லாட் தலைவர். ஆனால் எதிரிகளைவிட நிதி, அனுமதி, கோப்புகள் என்று நிர்வாகம்தான் அவரைத் தின்கிறது. இரண்டு இடங்களில் ஒரே நேரத்தில் நெருக்கடி, ஆள் போதவில்லை, யாரை எங்கே அனுப்புவது என்ற தவிப்பு. இருபது பேர் அணியை வைத்து இப்படி எழுத ஷூட்டரால்தான் முடியும் என்று பாராட்டுபவர்கள் உண்டு. அந்தப் பாராட்டு அவருக்குத் தகும். ஃபிரான்சிஸ் மனபுல் பெரும்பாலான இதழ்களை வரைந்தார். கிட்சனின் அமைதியான, துல்லியமான கோட்டுக்குப் பிறகு இவருடைய வேகம் கண்ணைப் பறிக்கும்.

எதிர்ப்புக் குரல்களும் வலுவானவை. எதிர்கால இளைஞர்கள் பேசுவதாக ஷூட்டர் உருவாக்கிய வசைச்சொற்கள் பலருக்கு ஒட்டவே இல்லை. பத்துப் பக்கத்துக்கு ஒருமுறை வந்தால் சுவை, கட்டத்துக்குக் கட்டம் வந்தால் காதில் உறுத்தும். பெண் உறுப்பினர்கள் வரையப்பட்ட விதத்தைப் பற்றிய புகாரும் அன்றே எழுந்தது. வெய்ட் உருவாக்கிய இளைஞர் இயக்கம் என்ற களம் இங்கே ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. முதல் 15 இதழ்களில் மனதைப் பறிகொடுத்தவருக்கு இது பெரிய இழப்பு. மூல அணியின் ரசிகருக்கோ வீட்டுக்குத் திரும்பிய நிறைவு. ஒரே 13 இதழ்களுக்கு இரண்டு விதமான தீர்ப்பு வருவதன் காரணம் இது.

*50.* ஷூட்டர் தீட்டிய முடிவு இதில் இல்லை. தொடர் நிறுத்தப்பட்டது. 50-ஆவது இதழில் எழுத்தாளர் பெயராக 'ஜஸ்டின் டைம்' என்று போட்டிருக்கும். அது புனைபெயர்; வேகமாக உச்சரித்தால் 'சரியான நேரத்தில்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்றொடர். பல இழைகள் அவசர அவசரமாக முடிச்சுப் போடப்பட்டிருக்கும். 49-ஐ முடித்ததும் ஒரு நாள் விட்டு, இதைத் தனி இதழாகப் படியுங்கள். ஷூட்டரின் பகுதியை மதிப்பிடும்போது இதை அவர் கணக்கில் எழுத வேண்டாம்.

படி 5: ரசிகர் கருத்தைப் படிக்கும் முறை

எந்தக் கருத்தையும் எடுத்துக்கொள்வதற்கு முன் அதனிடம் மூன்று கேள்வி கேளுங்கள்.

இவர் முதலில் படித்த லீஜன் எது? இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். 1994 அணியோடு பத்து வருடம் வாழ்ந்தவர்களுக்கு, திரீபூட் என்பது தங்கள் அணியை அழித்துவிட்டு வந்த தொடர். அந்தக் காயத்தோடுதான் முதல் இதழைத் திறந்தார்கள். "லைட்னிங் லாட் இப்படி இல்லை" என்று ஒருவர் எழுதினால், 'எந்த லைட்னிங் லாட்?' என்று மனதுக்குள் கேட்டுக்கொள்ளுங்கள். லீஜன் ரசிகர்களின் உரிமையுணர்வுக்கு வரலாறும் இருக்கிறது: பழைய தொடரில் அணித்தலைவரை வாசகர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். வாக்குப் போட்டவர்கள் கேள்வி கேட்பார்கள்.

எந்த இதழோடு நிறுத்தினார்? ஆறோடு நிறுத்தியவர், 15-உடன் நிறுத்தியவர், 30-உடன் நிறுத்தியவர், 50 வரை போனவர் ஆகிய நால்வரும் நாலு வேறு புத்தகம் படித்தவர்கள். கருத்தில் இதழ் எண்ணே இல்லையென்றால் அதன் எடையைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது எழுதினார்? மாதம் ஓர் இதழ் என்று படித்தவருக்கு 13 இதழ் கதை ஒரு வருடத்துக்கும் மேலான காத்திருப்பு. நடுவில் பெயர்கள் மறந்துபோகும், பொறுமை போகும். தொகுப்பாகப் படிப்பவருக்கு அது ஒரு வார இறுதி. 'மெதுவாக நகர்கிறது' என்ற பழைய புகார்களில் பல உங்களுக்குப் பொருந்தாது. இன்னொன்று: 2007-க்குப் பிறகு எழுதப்பட்ட கருத்துகளில், பக்கத்திலேயே இன்னொரு லீஜன் வளர்ந்துகொண்டிருந்த கவலை ஊறியிருக்கும். இந்தத் தொடரை நிறுத்தப்போகிறார்கள் என்ற பயத்தோடு படித்தவர்கள் ஒவ்வொரு பக்கத்திலும் அதற்கான அறிகுறியைத் தேடினார்கள்.

படி 6: உங்கள் கருத்தை எழுதும்போது

இதழ் எண்ணைப் போடுங்கள், எழுத்தாளர் பெயரைப் போடுங்கள். 'திரீபூட் நன்றாக இருக்கிறது' என்ற வரியால் யாருக்கும் உதவி இல்லை. '1–13 நன்றாக இருக்கிறது, காரணம் இது' என்றால் அடுத்து வருபவருக்குக் கைவிளக்கு.

ஒவ்வொரு பகுதியையும் அது தானே கொடுத்த வாக்கை வைத்து அளந்து பாருங்கள். வெய்ட் ஒரு கேள்வியை எழுப்பினார். 15-க்குள் அதற்கு எவ்வளவு பதில் சொன்னார்? ஷூட்டர் அணியின் நிர்வாகச் சிக்கலை எடுத்தார். 49-க்குள் அதை எங்கே கொண்டு சேர்த்தார்? '1982-இன் கதை மாதிரி இல்லை' என்பது உங்கள் ருசியைச் சொல்லும், கதையின் தரத்தைச் சொல்லாது. அதை எழுதக் கூடாது என்பதில்லை; ருசி என்று தெரியும்படி எழுதுங்கள்.

எழுத்தாளர் செய்ததையும் நிறுவனம் செய்ததையும் கலக்காதீர்கள். தலைப்பு மாறுவது, தொடர் நிறுத்தப்படுவது, வேறொரு லீஜன் இணையாக அறிமுகமாவது ஆகியவை எழுத்தாளர் மேசையில் மட்டும் முடிவாகும் விஷயங்கள் அல்ல. கதாபாத்திரம் திடீரென்று குணம் மாறினால் அது எழுத்தாளர் பொறுப்பு. இழை பாதியில் அறுந்தால், அதற்கு முன் எழுத்தாளர் மாறினாரா என்று பார்த்துவிட்டுக் குறை சொல்லுங்கள்.

மரணங்களைப் பெயர் சொல்லி எழுதாதீர்கள். இரண்டாம் தொகுப்பின் ஆங்கிலத் தலைப்பே ஒன்றைப் பாதி காட்டிக்கொடுத்துவிடுகிறது. மீதியை நாமும் கொடுக்க வேண்டாம்.

அடுத்து எங்கே

50-ஐ முடித்தபின், ஜெஃப் ஜான்ஸ் எழுதி ஜார்ஜ் பெரெஸ் வரைந்த லீஜன் ஆஃப் த்ரீ வேர்ல்ட்ஸ் (ஐந்து இதழ்கள், 2008–09) படியுங்கள். மூல அணியைப் போன்ற ரெட்ரோபூட், 1994 அணி, திரீபூட் ஆகிய மூன்றும் ஒரே பக்கத்தில் நிற்கும். 1994 அணியின் உலகத்துக்கு எர்த்-247 என்று பெயர் வைத்திருப்பதைக் கவனியுங்கள். அட்வென்ச்சர் காமிக்ஸ் 247-க்குச் செய்த மரியாதை அது. திரீபூட்டைப் படிக்காமல் இதற்குள் வருபவருக்கு அந்த அணி வெறும் கூட்டம். உங்களுக்கு அப்படி இருக்காது. பெரெஸ் வரைந்த கூட்டத்தில் ஒவ்வொரு முகமும் தெளிவாக இருக்கும். உங்கள் எட்டுக் கிரகப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, ஒரே ஆளின் மூன்று வடிவங்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பாருங்கள்.

அதன்பின் 1982-இன் 290 முதல் 294 வரை, லெவிட்ஸும் கிஃபனும் சேர்ந்து கொடுத்த ஐந்து இதழ்கள். பழைய ரசிகர் ஒருவர் "லீஜன் என்றால் அது" என்று சொல்லும்போது மனதில் வைத்திருப்பது பெரும்பாலும் இதைத்தான். எதிரி யார் என்பதை யாரிடமும் கேட்காமல் படித்துவிடுங்கள். அட்டைப்படங்களையும் பின்னட்டைக் குறிப்பையும்கூட முன்கூட்டிப் பார்க்க வேண்டாம்.